அத்தான் பிடித்த பேத்தை

எண்பதுகளில், தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருந்த என் அத்தான், ஞாயிறுதோறும் மாஹிம் கடலோரம் தூண்டிலோடு போய் நிற்பார். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தூண்டில். அதில் கொடுவா மீனைத் தவிர வேறெதுவும் மாட்டாது என்பது அவர் நினைப்பு. "கொடுவா வருது, மசாலா அரைச்சு வையி" என்று அக்காவுக்கு உத்தரவு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். கொடுவாவுக்குத்தான் அந்தத் தகவல் ஒருநாளும் போய்ச் சேரவில்லை.

ஒரு ஞாயிறு, உடம்பெல்லாம் முள்ளும் பந்து மாதிரி உப்பிய வயிறுமாக இருந்த ஒரு பேத்தை மீனோடு வந்தார். கரையிலிருந்த மீன்காரி, "ஜஹர் ஹை, ஃபேங்க் தோ" என்று தூர எறியச் சொன்னாளாம். விஷமென்றால் அத்தான் விட்டுவிடுவாரா?

"திங்கவால கொண்டாந்தேன்? தோலப் பாரு! பர்ஸ் தைச்சா எக்ஸ்போர்ட்டுக்கே போவும்" என்றார் என்னிடம். உரித்து, உப்புத் தடவி, பட்டறை வாசலில் ஆணியடித்துக் காயப்போட்டார்.

அரைத்த மசாலாவில் அக்கா வழக்கம்போல முட்டைக் குழம்பு வைத்தாள்.

மறுநாளே தெரு திரண்டு வந்துவிட்டது. சுற்றிலும் தோல் பதனிடும் கூடங்களின் பச்சைத்தோல் நாற்றத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் சோறு தின்ற தெரு, முதல்முறையாக மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.