கந்தோருக்குத் திகதி வேண்டுமாம்

எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கான தண்ணீர் முறைப்பாடுகளைப் பல வருடமாக எழுதுகிறவன் நான். வீட்டில் கணினியோடு குந்தியிருக்கிற ஆம்பிளை வேறு யாரும் ஓர்ஸ் ஹில் மேட்டில் அகப்படவில்லை போலும்.

கடைசியில் தண்ணீர் வழங்கும் கந்தோரின் அதிகாரி சொன்னார்: “தண்ணி நிக்கிறது இடைக்கிடை நடக்கிற விசயம். திரும்பத் திரும்ப நடக்குதெண்டு திகதியோட காட்டுங்கோ, பெரிய குழாய் கேட்டு மேலிடத்துக்கு எழுதலாம்.”

கடிதங்கள் எல்லாம் கணினியில் கிடந்தன. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றொரு வித்தை எனக்கு அரைகுறையாகத் தெரியும்: சொல்லைத் தேடாமல், அதன் சாயலைச் சொல்லித் தேடுவது. இரண்டு இலக்கம், புள்ளி, இரண்டு இலக்கம், புள்ளி, நான்கு இலக்கம் என்று கொடுத்தேன். திகதிகள் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் நான் எழுத உட்கார்ந்த நாட்கள். தண்ணீர் நின்று எத்தனை நாள் பிந்தி உட்கார்ந்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அடுத்த வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, உந்தப் பெட்டிக்குள்ளயாவது தண்ணி வருதோ?”

“தண்ணி நிண்ட திகதியைத் தேடுறன். நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“ஏன் சொல்லேல்லை? கோயில் கொடியேற்றத்தண்டு நிண்டது, யேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள் நிண்டது எண்டு தொண்டை கிழியச் சொன்னனாங்கள்.”

அவர்கள் சொன்னபடியேதான் எழுதியுமிருந்தேன். தேடுகிற சாயலை மாற்றினேன்: கொடியேற்றம், தேர், நத்தார், பெருநாள், இவற்றில் ஏதாவது ஒன்று; அதே வரியில் தண்ணீர். ஒரு கடிதம்கூடத் தப்பவில்லை. வீடு நிறைய விருந்தாளி வந்து, ஊரே ஒன்றாகக் குளிக்கிற நாளில்தான் மேட்டுக் குழாய் காய்கிறது.

வந்ததைப் பட்டியலாக அச்செடுத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அதிகாரி பார்த்தார். “இதில திகதி இல்லையே. மாத்திக்கொண்டு வாங்கோ.”

வழமையாக “ஓம் ஐயா” என்று எழும்புகிறவன் நான். அன்று கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன்.

“ஏலாது ஐயா. சனம் நாளைச் சரியாத்தான் சொல்லியிருக்குது. பாக்கவேண்டியது நீங்கள்.”

பையைத் திறந்து, அக்காவிடம் வாங்கிவந்த, விசேஷ நாட்கள் குறித்த பழைய கலண்டர்களை மேசையில் அடுக்கினேன். சாமி படம் போட்ட கலண்டரை அக்கா ஒருநாளும் எறிய மாட்டார். பிறகு என் மதியச் சாப்பாட்டுப் பொதியையும் எடுத்து வைத்தேன்.

அவர் பொதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் கலண்டரை விரித்தார். நான்காவது கலண்டருக்கு வந்தபோது, ஃபைலில் ‘இடைக்கிடை’ என்றிருந்ததைப் பேனையால் வெட்டினார்.

“மிச்சத்தையும் பாருங்கோ ஐயா,” என்றேன்.