த்ராட்டில் பாடி கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா வாங்கியிருந்த பழைய கார் அந்த மாதம் முழுக்க வண்ணார்பேட்டை சிக்னலில் எங்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் ஒருமுறை குலுங்கி அணைந்துவிடும். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, அப்பா அது வேறு யாருடைய காரோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சாவியைத் திருகுவார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பா அவரை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் ஃபியூஸ் போனால்கூட வெளியாளைத்தான் கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா காரைத் தொட அனுமதி வாங்கினார். எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் த்ராட்டில் பாடி என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் வட்டமான ஒரு தகடு மின்சாரத்தில் திறந்து மூடும், அதில் கரி படிந்திருக்கிறது, கழற்றித் துடைத்தால் போதும் என்று எனக்குக்கூட விளக்கினார். அந்த வாரம் புதன்கிழமை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வேலை செய்து காட்டும் தேர்வு இருந்தது. இது அதற்கு ஒத்திகை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றப் போனார். அப்பா தடுத்தார்.

"அதத் தொடாதேயும் வே. ரேடியோவுல நான் பிடிச்சு வச்சிருக்க ஸ்டேஷன் அம்புட்டும் போயிரும்."

"கழட்டிட்டுச் செஞ்சாத்தான் நல்லது அத்தான்."

"பைய பாத்துச் செய்யும். ஒண்ணும் ஆவாது."

மாமா பேட்டரியிலிருந்து கையை எடுத்தார். ஏதோ ஃபோன் வந்து அப்பா உள்ளே போய்விட்டார். மாமா ரப்பர் குழாயை விலக்கி, நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, அந்த உலோக வாயை வெளியே எடுத்தார். அதில் செருகியிருந்த வயர் மட்டும் வரவில்லை. கிளிப் இறுகிப்போயிருந்தது. இழுத்தால் உடைந்துவிடும் என்று வயரோடேயே ஒரு துணிமேல் வைத்து, ஸ்பிரே அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் துணி கன்னங்கரேல் என்று ஆனது. உள்ளே இருந்த தகட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு அதன் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தூக்கி நின்ற பானெட் எதிரே எல்லாவற்றையும் மறைத்தது. சாவி அதிலேயே இருந்தது. லேசாகத் திருகினால் பாட்டு வரும் என்று எனக்குத் தெரியும். அன்று கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டேன்.

சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன. பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மிக மெதுவாக மாமாவின் குரல்.

"சாவியத் திருப்புட்டி."

திருப்பினேன். இறங்கிப் போய்ப் பார்த்தபோது மாமாவின் வலது ஆட்காட்டி விரலிலிருந்து கரித்துணியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. தகடு தானாக மூடி விரலைக் கடித்திருந்தது. நகம் பாதி பெயர்ந்து நின்றது. மாமாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் விரலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீ உள்ள போயிரு. நீ இங்கன இல்ல, என்ன?"

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் வைத்து, எப்படி ஆயிற்று என்று அம்மா விடாமல் கேட்டாள். பேட்டரி வயரைக் கழற்ற மறந்துவிட்டதாகவும், தானே சாவியைப் போட்டுவிட்டு அதையும் மறந்து கையை வைத்துவிட்டதாகவும் மாமா சொன்னார். தம்பியை அதுவரை ஒரு அதட்டுகூடப் போட்டிராத அம்மா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"மூணு வருசம் என்னத்தலே படிச்ச?"

எனக்கு அந்த அடி என்மேல் விழுந்ததுபோல இருந்தது. அப்பா சுவரோரமாக நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அப்பாவும் கேட்பார், உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மாமாவால் ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. தேர்வுக்குப் போகவில்லை. வேறொரு மெக்கானிக் வந்து அந்த த்ராட்டில் பாடியைத் திரும்ப மாட்டினார். இவ்வளவு சுத்தமாகத் துடைத்தது யார் என்று கேட்டார். அப்பா கூலியை எண்ணிக் கொடுத்தார். அதன்பிறகு கார் எந்த சிக்னலிலும் அணையவில்லை.

மூன்று மாதம் கழித்து மாமாவுக்கு மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. விமானம் ஏற ரயிலில் புறப்பட்டவரை வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனோம். மாமா கேட்டும் கொடுக்காமல் அப்பாவே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க நடந்தார். ரயில் நகரும்வரை இருவரும் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் சீட் நம்பரைப் பற்றியுமே பேசினார்கள். ரயில் மறைந்த பிறகும் அப்பா அசையாமல் நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கன்னம் நனைந்திருந்தது.

அப்பா எதற்காக அழ வேண்டும், அழ வேண்டியவள் நான் ஒருத்திதானே என்று அப்போது நினைத்தேன்.