மாமா சொன்ன ஆமென்

எட்டு வயதில் எனக்கு இருந்த பக்தி இப்போது இல்லை. நல்லவேளை.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஜெபம் நடத்தி வந்தவர் அவர். கர்த்தருக்கு முன்னால் மட்டுமே தலை வணங்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சொல்லுவார். அவர் சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போனபின் எங்களைப் பார்த்துக்கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. கள்ளுக்கடைப் பக்கம் போகிறவர். பாதி ஜெபத்தில் கொட்டாவி விடுவார். ஜப்பான்காரன் நிழலைக் கண்டாலே இரண்டாக மடிந்து குனிவார். எனக்கு அவமானமாக இருக்கும்.

அம்மாவுக்கு மலேரியா. மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சி மாமா கொய்னா மாத்திரைகள் வாங்கி, கைலி மடியில் முடிந்துகொண்டார். சோதனையில் அகப்பட்டால் மாத்திரையும் போகும், ஆளும் போவார். பிள்ளை கூட இருந்தால் சந்தேகம் வராது என்று என்னையும் சைக்கிளில் ஏற்றிப் போயிருந்தார்.

திரும்பும் வழியில், திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஜப்பான்காரன் காவல் சாவடி. இறங்கி, இடுப்பு வரை குனிந்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். குனியாத ஒரு சீனரை அந்த வாரம்தான் வெயிலில் முட்டி போடவைத்து அடித்திருந்தார்கள்.

“பாப்பா, நல்லா குனிஞ்சிடு லா. அம்மாவுக்கு மாத்திர போய்ச் சேரணும்.”

நான் குனியவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். சிப்பாய் என்னை நோக்கி வந்தான். துப்பாக்கிக் கட்டை உயர்ந்தது. சட்டென்று மாமா எங்கள் இருவருக்கும் நடுவே விழுந்து, அவன் பூட்ஸுக்கு முன்னால் நெற்றியை மண்ணில் வைத்தார். அவரை எழுப்பி நிறுத்தி, கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். ஒவ்வோர் அறைக்கும் மாமா மறுபடி குனிந்தார். மடியைப் பிடித்திருந்த கை மட்டும் அசையவில்லை. கடைசியில் சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிக் கையை வீசினான்.

பயந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல், மாமாவை வெறுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வழியில் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மாலை ஜெபத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். முதல் மாத்திரை உள்ளே போய், அம்மா வியர்த்துக் கண் திறந்திருந்தாள். என் முறை வந்தது.

“ஆண்டவரே, மாமா மாதிரி நான் மனுசங்க கால்ல விழாம இருந்ததுக்கு ஸ்தோத்திரம்.”

அம்மா பாயிலிருந்து மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது கண் வீங்கி மூடியிருந்தது, உதடு தடித்திருந்தது. அவர்தான் முதலில் ஆமென் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே. பிறகு தன் முறைக்கு, “புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஸ்தோத்திரம்” என்றார்.

வார்த்தைகள் குழறின. இன்றைக்கும் குடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, நான் ஆமென் சொல்லவில்லை.