சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். இதில் முதலாவதை ஊராருக்காகப் பார்ப்பதுதான் என் அண்ணியின் பிழைப்பு. ஓர் இன்ஜினியர் ஆபீஸில் எஸ்டிமேட் போடுகிறாள். வரைபடத்தைக் கொடுத்தால் செங்கல், சிமெண்ட், கம்பி, கடைசிப் பூச்சு வரைக்கும் என்ன ஆகும் என்று எடுத்து வைத்துவிடுவாள். ஆபீஸில் அவளுக்குச் 'செங்கல் அக்கா' என்று பெயர். பேச்சும் செங்கல் மாதிரிதான். அளவாக இருக்கும், மேலே விழுந்தால் வலிக்கும்.

தொகையைச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாகக் கோடு போட்டுவிட்டு, குடும்பத்தையே வரவழைப்பாள். "ஒரு நாளை இங்க வாழ்ந்து காட்டுங்க. யாரும் பேசக்கூடாது" என்பாள். அவள் "காலையில" என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் இல்லாத கட்டிலிலிருந்து எழுந்து, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத அடுப்படிக்குப் போக வேண்டும். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அண்ணி சிரிக்க மாட்டாள். அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாய் ஒண்ணு சொல்லும், கால் வேற எங்கயோ போகும் தம்பி. சுவர் எழும்பின பிறகு இடிச்சா ரெட்டைச் செலவு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்க்கிறவன். பிரித்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. ஆனால் அவள் சொன்ன கணக்கு தவறி நான் பார்த்ததில்லை.

அண்ணன் வேன் ஓட்டினான். நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்புவான். எங்கள் பழைய வீட்டில் அவனும் அண்ணியும் இருந்த அறை பின்பக்க மூலையில் இருந்தது. அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் கிணுங்கினால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வீடு நிம்மதியாகத் தூங்கும். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அண்ணி தன் பாயை எடுத்துக்கொண்டு ஹாலில் அம்மா பக்கத்தில் படுக்க ஆரம்பித்தாள். அப்பா அந்த அறையைப் பூட்டினார்.

கொஞ்ச காலம் கழித்து அப்பா, வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார். கூரை ஒழுகுகிறது என்று காரணம் சொன்னார். ஒழுகாத இடத்தையும் ஒழுகுவதாகக் காட்டினார். நாங்கள் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனோம். இடித்ததில் கிடைத்த மரம், ஓடு எல்லாவற்றையும் விற்றாயிற்று, அண்ணன் அறைக் கதவைத் தவிர. "நல்ல தேக்கு. வித்தா திரும்பக் கிடைக்குமா?" என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கதவு வாடகை வீட்டு நடையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது.

தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அதன் தாழ்ப்பாள் கிணுங்கும். பஸ்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அத்தனை தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். பிறகு ஆளாளுக்குத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வோம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு அந்த வீட்டில் இருப்பதே பயமாக இருந்தது.

புது வீட்டுக்கான வரைபடத்தை அப்பாவே அண்ணி ஆபீஸ் இன்ஜினியரிடம் சொல்லிப் போட வைத்தார். அவருக்கு ஓர் அறை, எனக்கும் என் மனைவிக்கும் ஓர் அறை, ஹால், அடுப்படி. பின்பக்க மூலை காலியாகக் கிடக்கட்டும் என்றார்.

"அப்ப அண்ணி?" என்றேன்.

"அம்மாகூட ஹால்ல படுத்துக்கும். இப்ப மட்டும் எங்க படுக்குது?"

"வீடு கட்டறோமா, சத்திரம் கட்டறோமா?"

"உன் வாயை மிக்ஸியில போட்டு அடி" என்று எழுந்து போய்விட்டார்.

அப்பா கெட்டவர் இல்லை. மகன் சாகாத ஒரு வீடு அவருக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அண்ணி வரைபடத்தை வாங்கிக்கொண்டு எஸ்டிமேட் போட உட்கார்ந்தாள்.

அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அண்ணியின் கணக்கைச் சரிபார்த்த இன்ஜினியர் வீட்டுக்கே வந்துவிட்டார். வரைபடத்துக்கு வேண்டியதைவிட ஓர் அறைக்கான செங்கல், பூச்சு, தரை எல்லாம் கூடுதலாக இருக்கிறது, அதற்குக் கதவு மட்டும் சேர்க்கவில்லை என்றார். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

"கதவை மறந்துட்டாங்க போல. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சாலும் காம்பு தெரியத்தானே செய்யும்" என்றாள் என் மனைவி. அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம். அந்த விஷயத்தில் எங்களுக்குப் பத்துப் பொருத்தமும் உண்டு.

அப்பா அண்ணியைப் பார்த்து, "கேட்டிருந்தா வேற ஏதாவது பண்ணியிருப்பேனேம்மா. திருட்டுத்தனம் எதுக்கு?" என்றார்.

அண்ணி எங்கள் எதிரிலேயே வரைபடத்தை விரித்து முதலிலிருந்து போட்டாள். நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மறுபடியும் அதே தொகைதான் வந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செங்கல் அக்கா பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வரைபடத்தைப் பார்த்துத்தான் போடறேன் மாமா. கை தானா அந்த மூலைக்குப் போயிடுது" என்றாள். நடையில் தாழ்ப்பாள் கிணுங்கியது. அப்போது தெருவில் பஸ் போனதா என்று எனக்கு நினைவில்லை.

"நான் வேற ஆளை வச்சுப் போட்டுக்கறேன்" என்றார் அப்பா.

"போட்டுக்குங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒருதரம் நடந்துடுங்க. எல்லா வீட்டுக்கும் செய்யறதுதான். தப்பு என் மேலதான்னா இந்த வேலையையும் விட்டுடறேன், என் கூடப்பொறந்த அண்ணன் வீட்டுக்கும் போயிடறேன்."

மறுநாள் சாயங்காலம் மனைக்குப் போனோம். அண்ணி வரைபடத்தில் இருந்தபடியே கோடு போட்டிருந்தாள். ஓர் அங்குலம் கூடுதலில்லை. பின்பக்க மூலை வெறும் மண்ணாக இருந்தது.

"அக்கா, நீங்களும் நடக்கலாமே" என்றாள் என் மனைவி. முதல்நாள் பேசியது அவளுக்கே உறுத்தியிருக்க வேண்டும்.

"எனக்கு எங்கருந்து எழுந்திரிக்கறதுன்னு தெரியலையேம்மா" என்றாள் அண்ணி.

"காலையில."

அம்மா அடுப்படிக் கட்டத்தில் குனிந்து நிமிர்ந்தாள். காபி டம்ளரின் சூடு தாங்காமல் முந்தானையால் பிடிக்கிறவள் போலப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஹாலில் அப்பா கையை நீட்டினார். அம்மா அவரைத் தாண்டிப் போனாள். சுண்ணாம்புக் கோட்டை மிதித்து, பாதம் வெளுக்க, பின்பக்க மூலைக்குப் போய் நின்றாள். உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறக்கட்டும் என்று காத்திருப்பது போல நின்றாள். திறக்கவில்லை என்றானதும் டம்ளரைக் கீழே வைப்பது போலக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணியின் குரல் மட்டும் மாறவில்லை.

"ராத்திரி."

நான் என் கட்டத்துக்குள் போய்ப் படுக்கப் போனேன். என் தலை தானாகவே அந்த மூலைப் பக்கம் திரும்பியது. அங்கே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய வீட்டில் நான் எப்போதும் படுப்பேன். அது இவ்வளவு நாள் எனக்கே தெரியாது.

அப்பா தன் கட்டத்தில் அசையாமல் நின்றார். வேண்டுமென்றே நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவரும் நடந்தார். ஹாலைக் கடந்து, கோட்டைக் கடந்து, அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். வலது கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி, காற்றில் எதையோ மெல்லத் தொட்டு அசைத்தார். மகன் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டானா என்று அவர் தினமும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். எங்கள் ஒருவருக்கும் தெரியாமல் பார்த்திருக்கிறார். தூக்கிய கையை அவரால் கீழே இறக்க முடியவில்லை.

அண்ணி சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தாள். அப்பாவும் அம்மாவும் உள்ளே இருக்கும்படி, அவர்களைச் சுற்றி நிதானமாக நான்கு கோடு இழுத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கோடு வளையவில்லை.

அப்பா தூக்கிய கையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எவ்வளவும்மா ஆகும்?"

"அன்னைக்கே போட்டு வச்சுட்டேனே மாமா" என்றாள் அண்ணி. "கதவு மட்டும் வாங்க வேண்டாம்."