மாமா மெஷின் பழகிய தடைக்காலம்

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதன் நீலக் கோடுகளின் மேல் எறும்பு ஊர்ந்ததுபோல் ஊசித் துளைகள். முதல் கோட்டில் கிளம்பிய துளைகள் தடம் மாறி மூன்றாம் கோட்டில் போய் முடிந்திருந்தன. ஐந்தாவதில்தான் பாதித் தூரமாவது நேராக வந்திருந்தது. அந்தப் பாதிக் கோட்டைக் காட்டுவதற்காக என் மாமனார் அடுப்படி வரைக்கும் வந்து நின்றார். "பாரும்மா, இந்த எடத்துல கோட்டு மேலயே போயிருக்கு" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. மீசை முளைப்பதற்கு முன்பே கடலுக்குப் போகத் தொடங்கியவர். நிறைய மீன் பட்ட நாளில்கூட இப்படி ஒரு முகத்தோடு அவர் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

பாம்பனுக்கு நான் மருமகளாக வந்தபோது கூடவே என் மிதி தையல் மெஷினும் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குக் கவுனும் தைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வெளியூரில் வேலையில் இருந்ததால் வீட்டில் அத்தை, மாமா, நான் மூவர்தான். அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகளெல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. மாமா வீட்டிலேயே உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பின்னிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பின்னுவதை நிறுத்திவிட்டு, நான் தைத்துப் போட்டிருந்த ஒரு பாவாடையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மேல ஒரு நூலு, கீழ ஒரு நூலு. கீழ கெடக்கது மேல உள்ளத எப்படிப் பிடிக்குது? ஒரு முடிச்சக் கூடக் காணமே?"

வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு போட்டே பழகிய கை அவருடையது. முடிச்சே இல்லாமல் ஒன்று பிரியாமல் நிற்கிறது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "தெரியல மாமா, மிதிச்சா தைக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆறு வருடமாகத் தைக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

மறுநாளே மெஷின் பழக்கித் தரச் சொன்னார். மாமனாருக்குச் சமமாக உட்காரவே கூசுகிற நான், "கால அப்படி வைக்காதீங்க மாமா, முன்னங்காலால அழுத்துங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் ஊசியில் நூலே இல்லை, வெறும் தாள்தான். சக்கரம் முன்னால் போவதை விடப் பின்னால் சுற்றியதுதான் அதிகம். "இஞ்சினு ரிவர்ஸ்லயே போகுதே!" என்று தானே சிரித்துக்கொள்வார். நூல் கோத்துக் கொடுத்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அரிசிச் சாக்கு, பழைய கைலி, தலையணை உறை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையாகத் தைத்தார். "உடுத்துன சேலைய விட்டு வச்சிருக்கியளே, அதுவரைக்கும் புண்ணியம்" என்று அத்தை முணுமுணுத்தார். மாமாவோடு படகில் போகும் கூட்டாளி ஒருவர் வாசலில் நின்று, "ஏலே, எனக்கொரு ரவிக்கை தைச்சுத் தாரியா?" என்று கிண்டல் செய்தார். மாமாவுக்குக் கோபமே வரவில்லை. "இங்கன வா. இந்தத் தையல்ல எங்கனயாச்சும் முடிச்சு இருக்கா, தேடிச் சொல்லு பாப்போம்" என்று பையை நீட்டினார். கிண்டல் செய்ய வந்தவர் கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தையலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை வந்தது. முதல்முறை நற்கருணை வாங்கும் ஆறு சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை காலையில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். மெஷின் தையலை விட்டு விட்டுப் போட்டது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன். நாலு தையல் விழுந்தால் ஐந்தாவது விழவில்லை. மாமா வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "உள்ள எப்படி இருக்குன்னு பாப்பம்னு கழட்டுனேன். எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டேன்னுதான் நெனச்சேன்."

"உங்களுக்கு இது வெளையாட்டு மாமா. எனக்குப் பொழப்பு" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மாமா மெஷினின் தலைப்பகுதியை மேசையிலிருந்து கழற்றினார், பழைய போர்வையில் சுற்றினார், ஐஸ் பெட்டி சுமப்பதுபோலத் தோளில் ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் பஸ்ஸுக்கு நடந்தார். அவ்வளவு பெரிய மனிதரை இப்படிப் பேசிவிட்டோமே என்று ஒரு பக்கம் இருந்தது. சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மறு பக்கம். எது பெரிதென்று தெரியாமல் வெட்டிய வெள்ளைத் துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது வந்தார். மெஷினைப் பொருத்திவிட்டு, "தைச்சுப் பாரும்மா" என்றார். தையல் மணி மணியாக விழுந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஊசித்தண்டு திருகத் தளத்திப்புட்டேன், அதான் ஊசி ஒரு மயிரிழை ஏறி நின்னுருக்கு. மெக்கானிக்க ரெண்டு தரம் கழட்டி மாட்டச் சொல்லிப் பாத்துட்டு வாரேன். ஊசி கீழ போயி, லேசா எந்திரிக்கயில நூலு ஒரு வளையமாப் பொடைக்குதும்மா. சரியா அந்த நேரத்துல கொக்கி வந்து வளையத்தப் பிடிச்சு, கீழ் நூலு கண்டைச் சுத்திக் கொண்டு போகுது. முடிச்சே கெடையாது. ரெண்டு நூலும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது." மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். ஆறு வருடமாக என் விரலுக்குக் கீழே நடந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் நான் குனிந்து பார்த்தேன். திட்டியதற்கு வருத்தம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். "இன்னொரு தரம் சுத்துங்க மாமா" என்றுதான் வாயில் வந்தது.

இழந்த நேரத்தை ஈடுகட்ட வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை கவுன்களின் பாவாடை ஓரத்து நேர்த்தையலை அவரிடமே கொடுத்தேன். நான் கையால் லேஸ் வைத்துத் தைக்க, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மிதித்தார். ஒன்றே ஒன்றைத்தான் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது, மாமா மட்டும் பாவாடை ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடைக்காலம் முடிந்ததும் அவர் கடலுக்குத் திரும்பினார். நல்ல தையல்காரராக அவர் ஆகவே இல்லை. இன்றைக்கும் காலர் வைக்கச் சொன்னால் கைகூப்பிவிடுவார். ஆனால் கரையில் இருக்கும் நாட்களில், நூல் அறுகிறது, தையல் விடுகிறது என்று தெருப் பெண்கள் வந்து கூப்பிடுவது அவரைத்தான். போன வாரம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று நூல், கீழ் நூல் கண்டு என்பதே அதில் இல்லை. பிறகு எப்படித் தைக்கிறது? மாமா கடலில் இருந்தார், மறுநாள்தான் வருவார். அதுவரை பொறுத்திருக்கத்தான் நினைத்தேன். மத்தியானம் அத்தை வந்து பார்த்தபோது, பக்கத்து மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, நான் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"அவுக ஒரு ஆளு பத்தாதுன்னு நீயுமா?" என்றார் அத்தை. சொல்லிவிட்டு, அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.