ஆளில்லாத இடம்

இலங்கையில் யுத்தம் நடந்த காலத்தில் ஒரு லீவு நாளுக்கு, கூட்டமில்லாத இடமாகப் பார்த்து மனைவியை அழைத்துப் போகத் திட்டமிட்டேன். தம்புள்ளைக் குகைக்கோயிலுக்கு எல்லோரும்தான் போகிறார்கள். பத்திரிகைக்காரனான நானும் அங்கேயா போவது? யோசித்து யோசித்து ரிவர்ஸ்டன் மலையைத் தேர்ந்தேன்.

திட்டம் பலித்தது. அந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்த சிப்பாய், அடையாள அட்டைகளில் எங்கள் தமிழ்ப் பெயர்களைப் படித்தான். எதற்காக இங்கே வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

“ஆள் நடமாட்டம் இல்லை என்பதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்” என்று நானும் திருத்தமான சிங்களத்தில் பதில் சொன்னேன். அவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

“இனி நீங்க வாயத் திறக்காதீங்க” என்றாள் மனைவி. பிறகு சோற்றுப் பார்சலையும் சம்பலையும் அவன் முன்னால் பிரித்துக் காட்டி, சிங்களத்தில் ஆரம்பித்தாள்: “தம்புள்ளைக்குப் போகலாம்னுதான் வந்தோம் தம்பி. இந்த மனுசன் பஸ்ஸ மாத்தி ஏத்திட்டாரு. கடைக்கு அனுப்புனாலும் இப்பிடித்தான்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சற்றும் யோசிக்காமல் நம்பினான். அடுத்த பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் என்னைக் காட்டிக் கண்டிப்பாகச் சொன்னான்: “இந்த மாத்தயாவ ஆளுங்க இருக்கிற எடமாப் பார்த்து எறக்கிவிடு.”