நைனா திறக்காத மூடி

திருத்தணி மலையடிவார ஷெட்டில், என் நைனாவின் பழைய இங்கிலீஷ் காருக்குப் புது ரேடியேட்டர் ஹோஸ் போட, மெக்கானிக் பழசைக் கழற்றினார். துருத்தண்ணீரும் வெந்த ரப்பருமாக வாசனை எழும்பியது.

அன்றும் இதே வாசனைதான்; எனக்கு அப்போது எட்டு வயது. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும்போது ஹோஸ் கசிந்து வண்டி கொதித்து நின்றது. "ஆறட்டும்டா, ரேடியேட்டர் மூடியத் தொடாத" என்று சொல்லிவிட்டு, நைனா ஹோஸில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சாமி பார்க்கும் அவசரம் எனக்கு; மூடியைத் திருகிவிட்டேன். நைனா என்னைத் தள்ளிவிட்டார். கொதிநீர் அவர் முகத்தில் அடித்து ஒரு கண் போனது.

"நான்தாங்க திறந்தேன், புத்திகெட்டுப் போயி" என்று சாகும்வரை ஊராரிடம் சொன்னார்.

"உங்க நைனாவாட்டம் சூட்டுல மூடியத் திறந்துடாதீங்க" என்று மெக்கானிக் சிரித்தார்.

மலையைப் பார்த்தேன். முருகா, உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆங், சரிங்க" என்றுதான் வந்தது.